ராஜும் ரேஜாவும்: கொத்துக்கரண்டியின் சொல்வழி வரலாறு

சென்ற குளிர்காலத்தில் ராஞ்சி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் தொழிற்சொற்களைத் திரட்டிக்கொண்டிருந்தேன். பாதி எழுந்த செங்கற்சுவரின் மீது ஒரு பெண் குந்தியிருந்தார். இடக்கையில் செங்கல், வலக்கையில் கொத்துக்கரண்டி. கருவியின் பெயரைக் கேட்டேன். ‘கர்னி’ என்றார். அவருடைய தொழிலின் பெயரைக் கேட்டேன். ‘ராணி மிஸ்திரி’ என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். இரண்டையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டபோது, முதற்சொல் மட்டுமே என் ஆய்வுக்கு உரியது என்றும், இரண்டாவது ஏதோ அரசுத் திட்டம் சூட்டிய பெயர் என்றும் எண்ணினேன். அறைக்குத் திரும்பி அகராதிகளைப் புரட்டிய பின்னரே அந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பது விளங்கியது. இப்பதிவு அந்தப் பிழையைத் திருத்திக்கொள்ளும் முயற்சி.

கட்டடக்கலை வரலாறு கட்டுவித்தவரைப் பற்றிப் பேசும். கல்லைப் பற்றியும் சுதையைப் பற்றியும் பேசும். சுதையை அள்ளி வைத்த கருவியைப் பற்றி அது பேசுவது அரிது. இதற்கு ஒரு பொருண்மைக் காரணமும் உண்டு. கொத்துக்கரண்டி மெல்லிய இரும்புத் தகடு. வேலை செய்யச் செய்யத் தேய்வது. சுண்ணாம்பும் ஈரமும் அதை அரிக்கும். தேய்ந்தால் கொல்லன் உலைக்குப் போய் வேறொன்றாகிவிடும். உளி கல்லில் தன் தடத்தை விட்டுச் செல்கிறது. கரண்டியின் தடத்தையோ அதன் மேல் வரும் அடுத்த பூச்சே மூடிவிடுகிறது. எஞ்சுவது பெயர்தான். பெயரைக் கொண்டு மட்டும் வரலாறு எழுதுவது ஆபத்தானது என்பதை மொழியியல் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் பெயர்களை ஒருங்கே வைத்துப் பார்த்தால் சில செய்திகள் புலப்படவே செய்கின்றன.

இந்தியில் ‘கர்னி’, ஒடியாவில் ‘கரணி’, கன்னடத்தில் ‘கரணெ’, தமிழில் ‘கரணை’. வங்காளியில் ‘கர்ணிக்’ என்று வழங்குவது, காதைக் குறிக்கும் ‘கர்ண’ என்னும் வடசொல்லை நினைவூட்டும் வகையில் எழுதப்படுகிறது; அது கற்றோர் பின்னர் அணிவித்த எழுத்துக்கூட்டு என்றே கருதுகிறேன். இக்குடும்பத்தின் அடியில் இருப்பது ‘செய்தல்’ என்னும் பொருள். ‘கரணம்’ என்றால் செய்கைக்குத் துணையாகும் கருவி. இந்தியில் ‘கர்னி’ என்பதற்கு ஒருவன் செய்த வினை என்ற பொருளும் உண்டு. கர்னி எப்படியோ அப்படியே பலன் என்னும் பழமொழியைக் கட்டட வேலைக்காரர்கள் இரு பொருள்படச் சொல்லிச் சிரிப்பதைக் கேட்டிருக்கிறேன்.

மேற்கே போனால் காட்சி மாறுகிறது. மராத்தியில் ‘தாபி’. தெலுங்கிலும் ‘தாபி’யே, கொத்தனாருக்கு அங்கே ‘தாபி மேஸ்திரி’ என்று பெயர். தட்டுதல், அறைதல் என்னும் வினையிலிருந்து பிறந்த சொல் இது. (தெலுங்கில் ‘தாபிகா’ என்றால் ஆறஅமர, பதற்றமின்றி என்று பொருள். பூச்சு வேலைக்கு அவசரம் ஆகாது என்பது உண்மைதான். எனினும் இரு சொற்களுக்கும் உறவு கற்பிக்க நான் துணியமாட்டேன்.) குஜராத்தியில் ‘லேலு’. பூச்சை மழமழப்பாக்கும் தட்டையான எஃகுப் பலகைக்கு இந்தியில் ‘குர்மாலா’ என்று பெயர். அதன் பின்பாதியில் இருப்பது பாரசீக ‘மாலா’. தேய்த்தல் என்னும் வினையடியாகப் பிறந்த அச்சொல் ஈரானில் இன்றும் இதே கருவியைக் குறிக்கிறது. ‘கில்’ என்றால் பாரசீகத்தில் களிமண்; ‘கில்மாலா’, அதாவது மண் தேய்க்கும் கருவி, என்பதே ‘குர்மாலா’ எனத் திரிந்திருக்கும் என்பது என் ஊகம்.

ஆக, ஒரு மொழி அந்தக் கையசைவில் செய்தலைக் கண்டது. ஒரு மொழி தட்டுதலைக் கண்டது. இன்னொரு மொழி தேய்த்தலைக் கண்டது. நான்காவது ஒரு பார்வையும் உண்டு. அதற்கு இந்தியாவின் கடற்கரைக்கு வர வேண்டும்.

தமிழில் கொத்துக்கரண்டி, சாந்துக்கரண்டி என்கிறோம். இலங்கைத் தமிழில் ‘மேசன் கரண்டி’. சிங்களத்தில் ‘மேசன் ஹெந்த’, அதாவது கொத்தனின் கரண்டி. அடுப்படிக் கருவியின் பெயரே கட்டட வேலைக்கு வந்திருக்கிறது. இது நம் பக்கத்துக்கு மட்டும் உரிய கற்பனை அன்று. ஆங்கிலத்தின் ‘ட்ரவல்’ இலத்தீனில் அகப்பையைக் குறிக்கும் ‘த்ரூலா’ என்னும் சொல்லின் வழித்தோன்றல். போர்த்துகீசியத்தில் ‘கொல்யேர்’ என்றால் உண்ணும் கரண்டி; ‘கொல்யேர் த பெத்ரெய்ரோ’, கொத்தனின் கரண்டி, என்றால் இந்தக் கருவி. கோவாவின் கொங்கணியில் உண்ணும் கரண்டிக்கு இன்றும் ‘குலேர்’ என்று பெயர்.

இங்கே தமிழ்நாட்டுக் கொத்தனார்கள் வழங்கும் ‘கொலுறு’ என்னும் சொல்லை எண்ணிப்பாருங்கள். கொல்லறு, கொலரு என்றும் ஊருக்கொரு விதமாக ஒலிக்கும் இச்சொல்லைக் ‘கொல்’ என்னும் அடியோடு சேர்த்துக் கொல்லர் தொழிலின் கருவியாகப் பொருள் கூறுவோர் உண்டு. எனக்கு அது பொருந்துவதாகத் தோன்றவில்லை. கொல்லன் செய்யும் கருவிகள் நூறு. அவற்றுள் இதற்கு மட்டும் அவன் பெயர் ஏன்? போர்த்துகீசியக் ‘கொல்யேர்’ என்பதே இதன் மூலமாக இருக்கக்கூடும் என்பது என் துணிபு. தனிச்சொல்லாக வைத்துப் பார்த்தால் இது வெறும் ஒலியொப்புமை. கூடவே வந்த சொற்களோடு வைத்துப் பார்த்தால்தான் வலுப்பெறும். மேஸ்திரியும் மிஸ்திரியும் போர்த்துகீசிய ‘மெஸ்த்ரெ’யிலிருந்து வந்தவை. ஜன்னலும் சாவியும் வராந்தாவும் அதே வழி. இந்தியின் ‘பால்ட்டி’ என்னும் வாளி, வங்காளியின் ‘பெரெக்’ என்னும் ஆணி ஆகியனவும் அதே வழி. வேலையிடத்தில் வாளி, ஆணி, மேஸ்திரி என எல்லாமே கப்பலில் வந்திருக்கக் கரண்டியின் பெயர் வந்ததில் வியப்பில்லை.

இவ்விடத்தில் ஒரு வாக்குமூலம். முதுகலை பயின்றபோது ஒரு கருத்தரங்கில் கர்னி, கரணை, கரண்டி மூன்றையும் ஒரே வேரில் கட்டி, அது தென்னாட்டிலிருந்து வடக்கே சென்ற சொல் என்று முழங்கினேன். கைதட்டலும் கிடைத்தது. பின்வரிசையில் இருந்த ஒருவர், ‘கரண்டி’யில் உள்ள ‘ண்ட்’ எங்கிருந்து வந்தது, ‘கர்னி’யில் அது எங்கே போயிற்று என்று மட்டும் கேட்டார். என்னிடம் விடை இல்லை. கரணையும் கர்னியும் உறவுடையவை. கரண்டி தனி வரலாறு உடையது என்பதே இன்று என் நிலை. ஒரே கருவியைக் குறிப்பதனாலேயே சொற்கள் உறவினர் ஆகிவிடமாட்டா. அந்தக் கைதட்டலை நினைத்தால் இப்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

சொற்களிலிருந்து சற்று விலகி, கருவியைக் கண்ணாரக் காட்டும் சான்று ஒன்றைப் பார்ப்போம். அக்பர் ஆக்ரா கோட்டையின் பணியை 1565-இலும் ஃபதேபூர் சிக்ரியின் பணியை 1571-இலும் தொடங்கினார். இவற்றின் கட்டுமானக் காட்சிகள் 1590-களின் முற்பகுதியில் அக்பர்நாமா சுவடிக்காகத் தீட்டப்பட்டன. அந்த ஓவியங்கள் இன்று லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. கல் உடைப்போர், சாந்து குழைப்போர், சாய்தளத்தின் மேல் பாரம் சுமந்து ஏறுவோர், சுவர்மீது குந்தி வேலைசெய்வோர் என அவற்றில் ஒரு வேலையிடமே உயிர்பெறுகிறது. ஓவியச் சான்றுகளைக் கொண்டு முகலாயர் காலக் கட்டுமானத் தொழில்நுட்பத்தை ஆராய்ந்த ஏ. ஜான் கைசரின் நூல் 1988-இல் வெளிவந்தது. கட்டடக்கலை மாணவர்களைவிட மொழியியல் மாணவர்கள் அதைப் படிக்க வேண்டும் என்பேன். ஒரு சொல்லுக்கு ஒரு படம் கிடைப்பது நமக்கு வாய்க்காத பேறு.

அதே காலத்து ஆயினே அக்பரி கூலி விகிதங்களைத் தருகிறது. சுண்ணாம்பு வேலை செய்யும் ‘கில்கார்’களில் முதல் தரத்தாருக்கு நாளொன்றுக்கு 7 தாம், இரண்டாம் தரத்தாருக்கு 6, மூன்றாம் தரத்தாருக்கு 5. தண்ணீர் சுமப்போருக்கு 3 தாம், 2 தாம். ஒரு ரூபாய்க்கு 40 தாம். சாந்தைப் பூசும் கைக்கும், அந்தச் சாந்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் கைக்கும் இடையே கூலி இரு மடங்குக்கு மேல் வேறுபட்டது. ஏறத்தாழ 430 ஆண்டுகளுக்குப் பிறகு ராஞ்சியில் நான் கேட்ட கூலி விவரங்களிலும் வேறுபாட்டின் கோடு அதே இடத்தில்தான் விழுகிறது. கரண்டியைப் பிடிப்பவர் ஒரு பக்கம். மற்ற எல்லாரும் மறுபக்கம்.

அந்த ‘மற்ற எல்லாரும்’ யார் என்பதை ‘தாபி’ என்னும் சொல் ஓரளவு காட்டிக்கொடுக்கிறது. தெலுங்கிலும் மராத்தியிலும் அது இரும்புக் கரண்டி என்றேன். இந்தியில் அது பெரும்பாலும் மரத்தால் ஆன தட்டுப்பலகை. குயவர் பானையைத் தட்டுவதற்கும், சுண்ணாம்புத் தளத்தை இறுக்குவதற்கும் பயன்படுவது. காரைத் தளம் போட்ட காலத்தில் மொட்டைமாடியில் சுண்ணாம்பையும் செங்கற்சல்லியையும் பரப்பி, நாட்கணக்கில் தட்டித் தட்டி இறுக்குவார்கள். வங்காளத்தில் இவ்வேலைக்கென்றே ‘சாத் பெட்டானோ’ பாடல்கள் எனத் தளம் தட்டும் பாடல் வகை ஒன்று இருந்தது. வரிசையாக அமர்ந்து தட்டியவர்களில் பெண்கள் பெருந்தொகையினர். கான்கிரீட் வந்தபின் அந்த வேலையும் போயிற்று, பாட்டும் போயிற்று. ஒரே சொல் மரமாக இருக்கும்போது பெண் கையிலும், இரும்பாக மாறும்போது ஆண் கையிலும் இருப்பது தற்செயல் என்று என்னால் கடந்துபோக இயலவில்லை.

இனி அந்த ‘ராணி மிஸ்திரி’க்கு வருகிறேன். வட இந்தியாவில் கொத்தனாருக்கு ‘ராஜ் மிஸ்திரி’ என்று பெயர். கேட்பவர் அனைவரும் ராஜ் என்பதை அரசன் என்றே கொள்வர். நானும் அவ்வாறே கொண்டிருந்தேன். ஆனால் பாரசீகத்தில் கட்டட வேலைக்காரரைக் குறிக்கும் ‘ராஸ்’ என்றொரு சொல் உண்டு. அந்த ஈற்றொலி பாரசீகத்தில் அதிர்வொலியுடைய ஸகரம். இந்திப் பேச்சுவழக்கில் அது ஜகரமாக மாறுவது பொதுவிதி. காகஸ் காகஜ் ஆயிற்று. ஸமீன் ஜமீன் ஆயிற்று. ராஸ் ராஜ் ஆயிற்று. அரசனுக்கும் கொத்தனுக்கும் உறவே இல்லை. ஒலி மாற்றம் இருவரையும் ஒரே சொல்லில் குடியமர்த்திவிட்டது. பழைய இந்தியச் சொல்லான ‘ஸ்தபதி’யும் வடக்கே ‘தவஈ’ என்று தேய்ந்து அதே வேலைக்காரரைக் குறித்து நின்றது. தென்னாட்டில் ஸ்தபதி கோயிற் சிற்பத்தின் உயரத்திலேயே இருக்கிறார். ஒரு சொல் இரு திசைகளில் இரு வேறு படிநிலைகளை அடைந்த கதை அது, தனிப் பதிவுக்குரியது.

ராஜுக்குக் கீழே வேலைசெய்யும் பெண்ணுக்கு ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பகுதிகளில் ‘ரேஜா’ என்று பெயர். கூலி-ரேஜா என்று இணைத்தே சொல்வர். இதுவும் பாரசீகமே. ‘ரேஸா’ என்றால் துணுக்கு, பொடி, நொறுங்கிய சிறு துண்டு. கொத்தனுக்கு உதவும் சிறுவனைக் குறித்து, பின் பெண்ணைக் குறித்து நின்ற சொல். ராஸ் ராஜானது எந்த விதியாலோ அதே விதியால்தான் ரேஸா ரேஜா ஆயிற்று. ஒரே ஒலி மாற்றம் ஒரு சொல்லுக்கு மணிமுடியைச் சூட்டியது. மற்றொன்றைத் துணுக்காகவே விட்டுவைத்தது.

நம் வழக்கை எண்ணிப்பார்த்துத் திடுக்கிட்டேன். கொத்தனாருக்குச் சாந்துச் சட்டி எடுத்துக்கொடுக்கும் பெண்ணை நாம் என்ன சொல்கிறோம்? சித்தாள். சிறு ஆள், சிற்றாள், சித்தாள். பாரசீகத்திடம் கடன் வாங்காமலேயே தமிழ் அதே உருவகத்தை அடைந்திருக்கிறது. உடல்வலுவை அளவிட்ட பெயர் என்று சமாதானம் சொல்லலாம். நாள் முழுதும் தலையில் செங்கல் சுமந்து சாரம் ஏறுபவர் எந்த அளவில் சிறியவர் என்பதை அச்சமாதானம் விளக்குவதில்லை.

பெண் கைக்கு இரும்பு விலக்கப்பட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. கொத்துக்கரண்டியின் நெருங்கிய உறவினர் ஒன்று தோட்டத்திலும் வயலிலும் உண்டு, அது ‘குர்பி’. குந்தியிருந்தே வேலை செய்வது, ஒரு கைப்பிடி, ஒரு தகடு, மணிக்கட்டின் திருகல் என உடலசைவு ஏறக்குறைய ஒன்றுதான். வடமொழியில் சவரக்கத்திபோல் கூரிய முனையுடைய அம்பைக் குறித்த ‘க்ஷுரப்ர’ என்னும் சொல்லின் வழிவந்தது இது. போர்க்களத்துச் சொல் களைவெட்டியாக இறங்கிவந்திருக்கிறது. மராத்தியில் களையெடுத்தலுக்கே ‘குர்பணி’ என்று பெயர். பெண்கள் செய்யும் வேலை. ஆக, கையில் திறன் இல்லை என்ற வாதம் நிற்காது. செடியின் வேரைத் தொடாமல் களையை மட்டும் பெயர்த்தெடுக்கும் மணிக்கட்டுக்குச் செங்கல் மீது அரை அங்குலச் சாந்தைப் பரப்பத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? (தொல்லியல் நண்பர்கள் கோபிக்கலாம்: 1944-இல் தட்சசீலத்தில் மார்ட்டிமர் வீலர் நடத்திய பயிற்சி முகாமும், 1945-இல் அரிக்கமேட்டில் அவர் நடத்திய அகழாய்வும் நம் பாடநூல்களில் உள்ளன. ஆனால் வட இந்தியக் குழிகளில் மண்ணடுக்கைச் சுரண்டும் கிராமத்து வேலையாட்களின் கையில் பெரும்பாலும் இருப்பது குர்பியே. அறிக்கைகளில் அக்கைகளுக்குப் பெயர் இல்லை.)

1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம், ஒரே வேலைக்கோ ஒத்த தன்மையுடைய வேலைக்கோ ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றது. அருமையான சட்டம். ஆயின் கட்டட வேலையிடத்தில் ‘ஒரே வேலை’ என்பதே நிகழாதவாறு கருவி பார்த்துக்கொண்டது. பெண் கரண்டியைப் பிடிப்பதில்லை. ஆகவே அவர் செய்வது வேறு வேலை. ஆகவே கூலியும் வேறு. ராஞ்சியில் நான் சந்தித்த பெண், பல ஆண்டுகள் ரேஜாவாக இருந்தபோது மாலைதோறும் கர்னியைக் கழுவித் துடைத்து மிஸ்திரியின் பையில் வைப்பது தம் பொறுப்பாக இருந்தது என்றார். கழுவும் நேரத்தில் மட்டும் அது அவர் கையில் இருந்திருக்கிறது.

2014 அக்டோபர் 2-இல் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கம் ஊரெங்கும் இரட்டைக்குழிக் கழிப்பறைகளைக் கட்டச் சொன்னபோது ஜார்க்கண்டில் கொத்தனார்கள் போதவில்லை. பலர் பிழைப்புக்காக வெளி மாநிலங்களுக்குப் போயிருந்தனர். மகளிர் சுயஉதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. அவர்களுக்கு வழங்கிய பெயர்தான் ‘ராணி மிஸ்திரி’. இதற்கு முன்னரே அகமதாபாத்தில் சேவா அமைப்பு கட்டடத் தொழிலாளர் பெண்களுக்கெனப் பயிற்சிப் பள்ளி தொடங்கியிருந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். எனினும் புதுச்சொல் ஜார்க்கண்டில்தான் பிறந்தது.

சொற்பிறப்பியல் நோக்கில் அச்சொல் ஒரு பிழை. ‘ராஜ்’ இங்கே அரசன் அல்லன். ஆகவே அதற்குப் பெண்பால் ‘ராணி’ ஆகாது. பாரசீகக் கொத்தனை வடமொழி அரசனாகத் தவறாகப் புரிந்துகொண்டு, அந்தத் தவற்றின் மீது போர்த்துகீசிய மிஸ்திரியை ஏற்றிய சொல். மொழியியலில் இதனை மக்கட் சொற்பிறப்பு என்போம். பெரும்பாலும் ஒரு புன்முறுவலோடு அடிக்குறிப்பில் தள்ளுவோம். நானும் முதலில் தள்ளத்தான் இருந்தேன். ஆனால் பெண்கொத்தருக்கு வைக்க எத்தனையோ பெயர்கள் இருந்தன. ‘ரேஜா மிஸ்திரி’ என்றிருந்தால் இலக்கணமும் வரலாறும் நிறைவடைந்திருக்கும். அதை யாரும் சொல்லவில்லை.

கிரியர்சன் 1885-இல் வெளியிட்ட ‘பிஹார் பெசன்ட் லைஃப்’ நூலில் ஒவ்வொரு தொழிலின் கருவிகளையும் அவற்றின் வட்டார வழக்குகளோடு பட்டியலிட்டார். அதில் களைவெட்டிக்கு இடம் உண்டு. செங்கல் வேலைக்காரரின் கருவிகளுக்கும் இடம் உண்டு. நான் செய்ய முயல்வது அந்த வேலையின் ஒரு சிறு தொடர்ச்சி, ஒரு மாறுதலோடு. கருவியின் பெயருக்கு எதிரே, அதைப் பிடிப்பவர் யார், கழுவி வைப்பவர் யார் என்று இரு பத்திகள் சேர்த்திருக்கிறேன்.

தமிழ் வழக்கு குறித்து நண்பர்களிடம் ஓர் உதவி வேண்டும். உங்கள் ஊரில் கரணை, கொலுறு, கரண்டி மூன்றும் ஒரே கருவியைத்தான் குறிக்கின்றனவா, அல்லது அளவாலும் வடிவாலும் வேறுபட்டவையா? மணியாசுக்கட்டையை வேறு பெயரால் அழைப்பதுண்டா? ஊர்ப்பெயரையும் கேட்டறிந்தவரின் ஏறத்தாழ வயதையும் மட்டும் குறிப்பிட்டால் போதும், ஆட்பெயர் வேண்டாம். பெண் ஒருவர் கரண்டி பிடித்துப் பார்த்திருந்தால், அவரை அவ்வூரார் என்ன சொல்லி அழைத்தனர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்தப் பத்தி என் அட்டவணையில் தமிழ்நாட்டுக்கு நேரே இன்னும் வெறுமையாக இருக்கிறது.